மூட்டைக்கு வாய் வைத்த கதை

அலுவலகத்தில் அவருக்கு ஒரே பெயர்தான். ச்சீ அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளடைவில் முன்பக்கம் வந்துவிட்டது. கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பார். தேநீரில் ஆடை படிந்திருந்தால் ச்சீ. யாராவது கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பிஸ்கட் தூளும் நகத்துண்டும் ஒரு சுருள் முடியும் உதிர்ந்தால் ச்சீ, ச்சீ, ச்சீ. லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துவார். கதவைத் தோளால் தள்ளுவார். பொதுவில் கிடக்கும் ஹெட்போன் ஒன்று உண்டு. அதன் பஞ்சு உரிந்து கறுப்புக் கறுப்பாக அடுத்தவர் காதில் ஒட்டும். அதைச் செத்த எலியை நகர்த்துவதுபோலப் பென்சில் நுனியால் நகர்த்துவார்.

இப்படிப்பட்டவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை, ஜந்துகள் வரைவது.

நாங்கள் வேலை பார்த்தது கைபேசி விளையாட்டு செய்யும் ஓர் இடத்தில். கீழே மெத்தைக் கடை, மூன்றாம் மாடியில் நாங்கள். விளையாடுகிறவர் முட்டை வாங்க வேண்டும். முட்டை பொரிந்து ஒரு ஜந்து வரும். அதற்குத் தீனி வாங்கிப் போட வேண்டும். தின்றால் பெருக்கும், பெருத்தால் சண்டைக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் விளையாட்டு. ஜந்துவுக்கு உருவம் கொடுப்பவர் அக்கா. அசைவு கொடுப்பவன் அடுத்த மேசைக்காரன். எதைக் கொடுத்தாலும் முதலில் வாலை ஆட்டிக் காட்டுவதால் அவனுக்கு வாலு என்று பெயர். பெயரும், இரண்டு வரி விவரமும், பொத்தான்களில் வரும் சொற்களும் எழுதுவது என் வேலை.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதில் பச்சையாக ஒரு படலம் கட்டி, படலத்தின்மேல் தூசி படிந்து, தூசியில் ஒரு கொசு காலை நீட்டிக் கிடந்தது. ஒருநாள் நான் அதைக் கொட்டப் போனேன்.

"விடு தம்பி. பாத்துட்டேன். இனிமே கொட்டினாலும் எனக்குள்ள இருந்து போகாது" என்றார்.

அடுத்து வந்த சதுப்புநிலப் பூதத்தின் முதுகுத்தோல் அந்த வாளிதான். கொசு உட்பட.

அவர் தொழிலின் சூட்சுமம் அதுதான் என்று பார்க்கப் பார்க்கப் புரிந்தது. மற்றவர்கள் பயத்தை வரைந்தார்கள். அக்காவுக்குப் பயமெல்லாம் கிடையாது, குமட்டல்தான். எது தொண்டைக்கு ஏறி வருகிறதோ அதைக் கண்ணை மூடாமல் பார்த்து, கோடு பிசகாமல் வரைந்து வைத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவுவார். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு கழுவல்.

கை கழுவும் பழக்கம் முதல் வேலையிலேயே வந்ததாம். பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் உயிரியல் படங்களை அச்சிடுகிற இடம் அது. மல்லாத்திப் போட்டு நாலு காலிலும் ஊசி குத்திய தவளை, கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள், மனிதக் குடல். முதல் நாளே புட்டியில் ஊறின தவளையை மேசைமேல் வைத்தார்களாம். அக்கா ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அச்சகத்துப் பெரியவர், "ஏம்மா, வரையத்தானே சொன்னேன், சாப்பிடவா சொன்னேன்?" என்றாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார், வாயைக் கையால் மூடிக்கொண்டு. திறந்த வாயை அடுத்தவர் பார்ப்பதுகூட அவருக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் தாடைகளுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பல் கட்டுவார். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் வெள்ளை மாவுத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும். மறுபாதியில் அக்காவும் மகளும் சாப்பிடுவார்கள். அக்கா சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்.

"மாமாவை ஏங்க்கா கட்டிக்கிட்டீங்க?" என்று வாலு ஒருநாள் கேட்டுவிட்டான்.

"அவர் கை சுத்தம்டா. எங்க ஊருல நகத்தை ஒழுங்கா வெட்டியிருந்த ஒரே மாப்பிள்ளை."

அந்தத் தாடைகளில் ஒன்றிலிருந்துதான் அக்காவின் பெயர்பெற்ற ஜந்து பிறந்தது. பல்லுத் தவளை. தவளைக்கு வெளியே தெரிகிற பல் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தவளை வாயைத் திறந்தால் உள்ளே மனிதப் பல்வரிசை, ஒரு கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் தாடை அது. பழைய பல் மாதிரியே வேண்டும் என்று அவர் கேட்டபடி மாமா கட்டிக் கொடுத்தார், அக்கா பார்த்து வரைந்தார், ஊரெல்லாம் அந்தத் தவளைக்குத் தீனி போட்டது. தலைமை ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது.

இது இப்படியே போயிருக்கும். முதலாளி ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பினார். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே எல்லாம் சீனா" என்றார் கூட்ட அறையில். "டிராகன், சிவப்பு, பொகை. உலகமே அங்கதான் போய்க்கிட்டிருக்கு. நாமளும் ஒரு செட் ஜந்து எறக்குறோம். வெறும் ஜந்து இல்ல, உள்ள தத்துவம் இருக்கணும்." திரையில் புகைச்சுருள் ஒன்றைக் காட்டினார். "இது ச்சீ."

யாரோ மேசைக்குக் கீழே குனிந்தார்கள்.

"சிரிக்காதீங்கப்பா. ச்சீன்னா உயிர் மூச்சு. எல்லாத்துலயும் ச்சீ இருக்கு. மலையில ச்சீ, ஆத்துல ச்சீ, உனக்குள்ள ச்சீ."

"நமக்குள்ளயே ஒருத்தங்க இருக்காங்க சார்" என்றான் வாலு. கூட்ட அறை உடைந்து சிரித்தது. அக்காவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அந்த அறையில் சிரித்தது அதுதான் கடைசி.

தமிழில் அதை 'மூச்சு' என்று போடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அப்படியே போடுப்பா. மாத்தினா தத்துவம் போயிடும்" என்றார் முதலாளி. ஆகவே பொத்தான்களில் எழுதினேன்: உங்கள் ச்சீ குறைந்துவிட்டது. ச்சீ வாங்க இங்கே தொடவும்.

அக்கா விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வெண்கலப் பாத்திரங்களின் படம், மண் பொம்மைகளின் படம், பட்டுத்துணிச் சித்திரம் என்று எங்கெங்கோ தேடிச் சுவரில் ஒட்டினார். தவளைகளும் சளியொழுகும் பூதங்களும் இருந்த சுவர் ஒரு வாரத்தில் வேறு முகம் கொண்டது. எனக்கு விவரம் எழுத வேண்டியிருந்ததால் எனக்குச் சொல்வார்.

"டிராகனைப் பாரு. மான் கொம்பு, பாம்புக் கழுத்து, மீன் செதிலு, கழுகு நகம். எல்லாம் எரவல்தான். ஆனா ஒட்டு தெரியுதா? நாம நாலை எடுத்து ஒட்டினா நாலு பொணத்தைத் தைச்ச மாதிரி இருக்கு. அங்க மூக்கு நுனியில கெளம்பின கோடு வால் வரைக்கும் ஒரே மூச்சா ஓடுது. அதைத்தான்டா அவங்க ச்சீங்கறாங்க. பொகை இல்ல."

மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணீர் என்று ஐந்தை வட்டமாக வரைந்தார். மரம் எரிந்தால் நெருப்பு. நெருப்பு அடங்கினால் சாம்பல், அது மண். மண்ணுக்குள் உலோகம். குளிர்ந்த உலோகத்தில் தண்ணீர் துளிர்க்கும். தண்ணீர் ஊற்றினால் மரம். "ஒண்ணு இன்னொண்ணைப் பெத்துக்கிட்டே போகுது. குறுக்கே கோடு போட்டா ஒண்ணு இன்னொண்ணை அடக்குது. யாரும் கடைசியா ஜெயிக்கிறதில்ல."

முதலாளி வட்டத்தைப் பார்த்தார். "பஞ்சபூதம்தானே. காத்தையும் ஆகாசத்தையும் தூக்கிட்டு மரத்தையும் இரும்பையும் போட்டிருக்கான். சரி, எது ஜெயிக்கும்?"

"எதுவும் ஜெயிக்காது சார்."

"அப்ப எதை விக்கிறது?" கடைசியில் ஐந்துக்கும் மேலே ஆறாவதாகத் தங்கம் என்று ஒன்றைச் சேர்த்தார். தங்கம் எல்லாவற்றையும் ஜெயிக்கும். அதை வாங்க வேண்டும்.

முதலாளிக்குப் பிடித்த ஜந்து பீஷியோ. சிங்கம் மாதிரி முகம், சிறகு, கொழுத்த உடம்பு. பொன்னும் வெள்ளியும்தான் தின்னும். தின்றது வெளியே போக வழியே கிடையாது, பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே போன செல்வம் உள்ளேயேதான், அதனால் அதைக் கடைகளில் வைத்துக் கும்பிடுவார்களாம். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இதாம்மா ஜந்து! வாங்குறது மட்டும்தான், விடுறதே இல்ல. இதை மொதப் பக்கத்துல போடு."

பெயரை நான் திரையில் தமிழில் அடித்துக் காட்டினேன். வாலு படித்துவிட்டு நாற்காலியோடு பின்னால் உருண்டான். "போறதுக்கு வழியே இல்ல, பேரு மட்டும் பீயாம்!" முதலாளி எழுத்தை மாற்றச் சொன்னார். அதற்குள் பெயர் அவர்மேலேயே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வரும் காலடி கேட்டால், "ஷியோ வராரு" என்பான் வாலு. முன்னெழுத்தை விட்டுவிட்டுச் சொல்வதுதான் மரியாதை.

இதற்கு நடுவில்தான் அக்கா மூட்டையை வரைந்தார்.

பழைய சீனக் கதைகளில் ஹுன்துன் என்று ஒன்று வருகிறது. மஞ்சள் சாக்கு மாதிரி உடம்பு, உள்ளிருந்து நெருப்புச் சிவப்பு. ஆறு கால், நாலு சிறகு. முகம் கிடையாது. கண், காது, மூக்கு, வாய் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பாட்டும் ஆட்டமும் தெரியும். அக்கா அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தார். வரைந்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உருளையான ஒரு கோடு, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. பழுத்த பழத்தோல் மாதிரி மஞ்சள், அதற்குள் விளக்கு வைத்ததுபோல் சிவப்பு. கால்கள் குட்டிக் குட்டியாக ஒன்றையொன்று இடிக்காமல் ஆடின. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கேட்கவே தோன்றவில்லை.

முடித்துவிட்டுப் பேனாவை வைத்தார். நான் குழாயடியைப் பார்த்தேன். அவர் எழவில்லை.

"கை கழுவலையாக்கா?"

அவர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு? இதுல என்ன இருக்கு கழுவ?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யோசிச்சுப் பாரு தம்பி. ஒலகத்துல அருவருப்புன்னு எதெல்லாம் இருக்கோ அதெல்லாம் ஓட்டையிலதான் இருக்கு. சளி, எச்சில், பீளை, குறும்பி. ஒண்ணு உள்ள போகுது, இல்ல வெளிய வருது. இத்தனை வருஷமா நான் ஓட்டைதான் வரைஞ்சுக்கிட்டிருக்கேன். தவளை வாயி, மீன் செவுளு, பூதத்தோட மூக்கு. இது ஒண்ணுதான் மூடியிருக்கு. யார்கிட்டயும் எதுவும் கேக்கல. என் வாழ்நாள்ல நான் வரைஞ்ச ஒரே சுத்தமான ஜந்து."

அதன் கதையையும் சொன்னார். ஹுன்துன் நடுத்தேசத்து ராஜா. தெற்குக் கடல் ராஜாவும் வடக்குக் கடல் ராஜாவும் அவன் வீட்டுக்கு வந்து போவார்கள். நன்றாக உபசரிப்பான். பதிலுக்கு இவனுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று இருவரும் யோசித்தார்கள். பாவம், நமக்கெல்லாம் பார்க்க, கேட்க, தின்ன, மூச்சுவிட ஏழு துவாரம் இருக்கிறது, இவனுக்கு ஒன்றுகூட இல்லையே என்று, நாளுக்கு ஒன்றாகத் துளை போட்டார்கள். ஏழாம் நாள் அவன் செத்துப்போனான்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு சொல்லுவாங்கள்ல? இவனுங்க ரெண்டகம் பண்ணலடா. நன்றிதான் காட்டினானுங்க. அதுதான் இன்னும் குமட்டுது."

நான் விவரத்தில் எழுதினேன்: முகம் இல்லை. ஆனாலும் விருந்தாளியைத் தெரியும். அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை யாரையும் தொட விடாதே" என்றார்.

முதலாளி மூட்டையைப் பார்த்த அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் பல்குச்சியோடு வந்திருந்தார். குச்சியைக் கடித்துக்கொண்டே திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. மூஞ்சி எப்ப வரும்?"

"அதுக்கு மூஞ்சி இல்ல சார். அதுதான் அது."

"அது சரிம்மா. ஆனா வாங்குறவன் எங்க பாப்பான்? சின்னதா ரெண்டு கண்ணு. குத்தின மாதிரி. அவ்வளவுதான்."

அக்கா கதையைச் சொன்னார். முதலாளி கவனமாகக் கேட்டார். கெட்டவர் இல்லை, கேட்பார். கேட்டுவிட்டு, "அருமையான கதை. இதை விளம்பரத்துல போடலாம். கண்ணு மட்டும் வெச்சுடு" என்றார். போகும்போது பல்குச்சியை அக்காவின் மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். நுனியில் ஈரம் இருந்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். காகிதம் எடுத்து அதை நான்தான் அப்புறப்படுத்தினேன்.

ஆனாலும் அக்கா கண் வைத்தார். அதுதான் அவருடைய சாபம். எதையும் மோசமாகச் செய்யத் தெரியாது. மூடிய இமை மாதிரி இரண்டு மடிப்பு போட்டார். மூட்டை தூங்குவதுபோல் இருந்தது. அடுத்த கூட்டத்தில், "தூங்கினா யார் காசு குடுப்பா? தொறந்துடு" என்றார் முதலாளி. திறந்தார். அதற்கடுத்த கூட்டத்தில், கூப்பிட்டால் திரும்ப வேண்டும், காது வேண்டும் என்றார். அப்புறம், ச்சீ என்றால் மூச்சுதானே, மூச்சு உள்ளே போவது தெரிய வேண்டாமா, மூக்குத் துவாரம் வேண்டும் என்றார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஓட்டை. துவாரம் வந்ததும் வாலு அதை விரிந்து சுருங்க வைத்தான். உள்ளே ஈரம் பளபளக்க ஒரு வெளிச்சம் போட்டான். திறமைசாலி. அதைப் பார்த்ததும் அக்கா குழாயடிக்குப் போனார். முழங்கை வரைக்கும் சோப்பு. நுரை வழிய நின்றவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கழுவ வெச்சுட்டாங்க பாரு."

மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான்.

"வாய் வெக்க மாட்டேன் சார்" என்றார் அக்கா, முதலாளி கேட்பதற்கு முன்பே.

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அக்கா அங்கே மாட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"என்னம்மா விளையாடுறீங்க? கடையே வாயிலதான் இருக்கு. வாய் இல்லாம தீனியை எங்க போடுவான்? தலையிலயா?"

"மத்ததெல்லாம் வெச்சேன். இதை வெச்சா அது செத்துடும் சார்."

"வரைஞ்ச ஜந்து எப்படிம்மா சாகும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நம்ம ஆளுங்களே சொல்லியிருக்காங்க."

"பீஷியோ இருக்கு, தவளை இருக்கு, தின்னுறதுக்கு நாப்பது ஜந்து வரைஞ்சு குடுத்திருக்கேன். இது ஒண்ணை விட்டுடுங்க. இது மட்டும் பசியில்லாம இருக்கட்டும்."

"பசியில்லாதது எதுக்கும்மா நமக்கு?" என்றார் முதலாளி. கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு வாலுவின் பக்கம் திரும்பி, "பழைய ஜந்துல இருந்து ஏதாவது ஒரு வாயை எடுத்து ஒட்டுப்பா" என்றார்.

வாலு அக்காவைப் பார்க்காமல் செய்தான். பல்லுத் தவளையின் வாயை வெட்டி எடுத்து, மஞ்சள் பூசி, மூட்டையின் நடு வயிற்றில் பதித்தான். கோணலாக இருந்தது. தோலுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒட்டு பச்சையாகத் தெரிந்தது, தைத்த காயம் மாதிரி. திறந்து மூடும்போது எச்சில் நூல் ஒன்று நீண்டு அறுந்தது. அதுவும் தவளையோடு வந்த எச்சில். மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஹெட்மாஸ்டர்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

நான் மூட்டைக்கு எழுதியதைத் திறந்து பார்த்தேன். என் இரண்டு வரி ஏற்கெனவே போயிருந்தது. அதன் இடத்தில் முதலாளியே அடித்திருந்தார்: பசிக்குது! சீக்கிரம் ஊட்டுங்க!

அதோடு விட்டிருந்தால்கூட அக்கா எழுந்து போயிருப்பார், முடிந்திருக்கும். ஆனால் வாய் என்று வந்துவிட்டால் அதற்குச் சத்தம் வேண்டும். தீனி உள்ளே விழும்போது ஜந்து ஏதாவது சொல்ல வேண்டும். முதலாளிக்கு அன்று மனசு தாராளமாக இருந்தது.

"அக்காவே குடுக்கட்டும். அவங்க பெத்த புள்ளை, அவங்க குரல்லயே பேசட்டும். கோபமும் போயிடும். அந்த ச்சீ இருக்குல்ல, உயிர் மூச்சு, அதை அடிவயித்துல இருந்து ஒண்ணு விடுங்க போதும்."

ஒலி பதியும் அறை என்பது துடைப்பம் வைக்கிற அலமாரி. சுவர் முழுக்க மெத்தைக் கடைக்காரர் கழித்துப்போட்ட பஞ்சை ஒட்டியிருந்தோம். யாரோ படுத்துக் கழித்த பஞ்சு. மழைநாளில் மனிதவாடை அடிக்கும். மைக்கின் வலைமேல் பேசினவர்களின் எச்சில் காய்ந்து புள்ளியாக இருந்தது. அக்கா உள்ளே போவாரென்று நான் நினைக்கவில்லை. போனார். கதவைச் சாத்தவில்லை. மைக்கைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் முன்னால் குனிந்தார். ஈரமான மூக்குத் துவாரத்தை, தைத்த வாயை, எச்சில் நூலை, ஹெட்மாஸ்டர் பல்லை எல்லாம் ஒருமுறை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறவர் மாதிரி கண்ணை மூடினார்.

"ச்ச்சீ!"

வெளியில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அப்படியொரு ச்சீயை நான் கேட்டதில்லை. காறித் துப்பியிருந்தால்கூட அதில் கொஞ்சம் உறவு இருந்திருக்கும். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, முதலாளி முகத்தில்தான் சரியாக விழுந்தது. அவருக்கும் புரிந்தது. ஒரு நொடி முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். தாடை அசைந்தது. பிறகு மெல்லச் சிரிப்பு பரவியது.

"பிரமாதம்" என்றார். "சீனாக்காரன் கேட்டா தத்துவம். நம்மாளு கேட்டா சிரிப்பான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! வச்சுக்கடா இதை, வச்சுக்க."

உள்ளே போட்டுக்கொண்டுவிட்டார். திட்டையும் தின்றுவிட்டார். வெளியே வர வழியே இல்லை. வாலு என் காதருகில், "பேரு சரியாத்தான் வெச்சிருக்கோம்" என்றான். அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா அன்றே கிளம்பினார். மூடிபோட்ட தம்ளரையும் சோப்புப் பெட்டியையும் மறந்துவிட்டுப் போனார், எடுக்க வரவில்லை.

மூட்டை வெளியே வந்தது. பீஷியோவைவிட நன்றாகப் போனது. தீனி போடுகிறவரை அது திட்டுகிறது என்பதற்காகவே ஆட்கள் தீனி போட்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையிலிருந்து ச்சீ. மருத்துவமனை வரிசையில் ச்சீ. தேநீர்க் கடையில் நாலு பேர் ஒரே கைபேசியைச் சுற்றிக் குனிந்து, ச்சீ, ச்சீ என்று கேட்டுச் சிரித்ததைப் பார்த்து நான் குடிக்காமல் வந்தேன்.

தம்ளரைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய அச்சகத்துக்கே படம் வரைய ஆரம்பித்திருந்தார். மேசையின் அவர் பாதியில் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள், பகுதி பகுதியாக, சுத்தமாக. மறுபாதியில் மாமா ஒரு தாடையைத் திருப்பித் திருப்பி ராவிக்கொண்டிருந்தார். மகள் தரையில் குப்புறப் படுத்துக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தம்ளரை வாங்கி, முகர்ந்து பார்த்து, நேரே குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"ஆபீஸ்ல வாளியைக் கொட்டினாங்களா தம்பி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இல்லக்கா."

கைபேசி ச்சீ என்றது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மகள் எங்கள் பக்கம் திரும்பாமலே, "அம்மா, இது நீ திட்டுற மாதிரியே திட்டுதும்மா" என்றாள். இன்னொரு தீனி போட்டாள். ச்சீ.

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இரு, இரு. வாயைத் தொறக்கச் சொல்லு." மகள் இன்னொன்று போட்டாள். "அடப் பாவமே. இந்தக் கோரைப்பல் நான் கட்டினது இல்ல? அந்த மனுஷன் செத்து ஆறு மாசம் ஆச்சே. சாவுக்குப் போய்ட்டு வந்தேனே."

அக்கா ஈரக்கையோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. குனிந்து, மகள் கையிலிருந்த கைபேசியை இரண்டு விரலால் எடுத்து, மாவுத் தாடைகளுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தார்.

"போடாதடி. அதுக்குப் பசிக்கல."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "பசிக்கலன்னா அப்புறம் எதுக்கும்மா அதுக்கு வாய் இருக்கு?"

அக்கா குழாயடிக்குத் திரும்பிப் போய், சோப்பை எடுத்து, முழங்கையிலிருந்து தொடங்கினார்.